கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் பயமுறுத்தும் நாவல்கள்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட் பார்க்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "கான் கேர்ள், தி சைலன்ட் பேஷன்ட், தி கேர்ள் ஆன் தி ட்ரெயின் மூன்றையும் முடித்துவிட்டேன். இதைவிட இருட்டான, மனசைப் போட்டு அழுத்துகிற நாவல்கள் வேண்டும். கடைசியில் ட்விஸ்ட் பலமாக இருக்க வேண்டும். தமிழில் இருந்தாலும் சொல்லுங்கள், அக்கா."

பதில் கொஞ்சம் நீளும் தம்பி. நானும் இருபதுகளில் அதே பாயான் லெப்பாசில் ஆறு வருஷம் இரவு வேலை பார்த்தவள். ஜெலுத்தோங்கில் கம்பெனி பஸ் ஏறும்போது கையில் ஒரு புத்தகம் இருக்கும். பெரும்பாலும் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் வாங்கியது. அட்டை கிழிந்திருக்கும், யாரோ ஒருவரின் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும். அப்படி வாங்கிய ஒரு நாவலில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் இல்லை. அதை வாங்கும்போது கவனிக்கவில்லை. ஒரு விடியற்காலையில் வீடு திரும்பும் பஸ்ஸில், கதை சட்டென்று நின்றுபோனபோதுதான் தெரிந்தது. ஆனால் ஏமாந்துபோன உணர்வு வரவே இல்லை. வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. கடைசிப் பக்கம் இல்லாமலே ஒரு த்ரில்லர் என்னை அவ்வளவு தூரம் உலுக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதனால் நீங்கள் கேட்ட பலமான ட்விஸ்ட் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் வேறு வழியில் கூட்டிப்போகப் போகிறேன்.

அந்த நாவல் ரூத் ரெண்டல் 1977இல் எழுதிய 'எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்'. யார் கொன்றது, யாரைக் கொன்றது, எதற்காக, எல்லாவற்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறார். யூனிஸ் என்ற வேலைக்காரி, தான் வேலை செய்த கவர்டேல் குடும்பத்தைக் கொன்றாள், ஏனென்றால் அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவ்வளவுதான் கதை. அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு பக்கமும் அந்த நாளை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அந்தக் குடும்பம் கெட்ட குடும்பம் இல்லை. படித்தவர்கள், அன்பாகத்தான் பேசுவார்கள். வீட்டுக்காரம்மா சமையலறையில் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி வைத்துவிட்டு வெளியே போகிறார். நமக்கு அது சாதாரண விஷயம். யூனிசுக்கு அந்தக் காகிதம் கத்தி மாதிரி. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

என் பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். கையெழுத்துப் போடத் தெரியாது. கிளினிக்கில் ஏதாவது படிவத்தை நீட்டினால், "கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டேம்மா, நீயே படிச்சிச் சொல்லு" என்பார். பாட்டிக்குக் கண்ணாடியே கிடையாது. அந்த வெட்கத்தை மறைக்க அவர் எத்தனை சின்னச் சின்னப் பொய்களைத் தயாராக வைத்திருந்தார் என்பது இந்த நாவலைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதே சமயம் ரெண்டலோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. எழுத்து தெரியாததால் யூனிசின் மனசில் இரக்கமும் வளராமல் போனது என்பதுபோல அவர் எழுதிச் செல்கிறார். படிக்கத் தெரியாத என் பாட்டியிடம் இருந்த இரக்கத்தை நான் வேறெங்கும் அவ்வளவு பார்த்ததில்லை. அந்த இடத்தில் எழுத்தாளர் தவறு செய்கிறார் என்றே நினைக்கிறேன். இருந்தும் இந்த நாவலைத்தான் உங்களுக்கு முதலில் தருவேன்.

சில வருஷம் கழித்து முழுப் பிரதி ஒன்று கிடைத்தது. என் பிரதியில் விட்டுப்போன பக்கங்களில் இருந்தது, உண்மை எப்படி வெளியே வந்தது என்ற விவரம். நன்றாக எழுதப்பட்ட பகுதிதான். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அது இல்லை.

இந்தக் கண்ணால் நீங்கள் படித்த மூன்றையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கில்லியன் ஃப்ளின்னின் 'கான் கேர்ள்' 2012இல் வந்தது. அதன் பெரிய திருப்பம் நாவலின் நடுவிலேயே உடைந்துவிடுகிறது. எல்லாம் தெரிந்த பிறகு அந்தக் கணவனும் மனைவியும் என்ன ஆகப்போகிறார்கள் என்பதுதான் மீதிப் பாதி. அதனால்தான் அதை இரண்டாம் முறையும் படிக்க முடிகிறது. 'தி சைலன்ட் பேஷன்ட்' என்னை முதல் தடவை நன்றாகவே ஏமாற்றியது. இரண்டாம் தடவை பாதியில் வைத்துவிட்டேன். கடைசித் திருப்பத்தை மட்டும் நம்பி நிற்கும் நாவல்கள் பெரும்பாலும் அப்படித்தான். சரி, அதுவும் ஒரு சுகம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் "மனசைப் போட்டு அழுத்துகிற" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அழுத்தம் வேறு இடத்திலிருந்து வருகிறது.

அதைக் கற்றுக்கொள்ள பெட்ரீஷியா ஹைஸ்மித்திடம் போக வேண்டும். அவருடைய முதல் நாவல் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்' 1950இல் வந்தது. ரயிலில் சந்திக்கும் இரண்டு ஆண்கள். ஒருவன் சொல்கிறான்: உனக்கு வேண்டாதவரை நான் கொல்கிறேன், எனக்கு வேண்டாதவரை நீ கொன்றுவிடு, யாருக்கும் காரணம் தெரியாது. மற்றவன் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக நினைக்கிறான். மறுப்பை உறுதியாகச் சொல்லாமல் ரயிலை விட்டு இறங்கிவிடுகிறான். நாவல் முழுக்க அந்த உறுதியில்லாத பதிலின் விலை. ஹிட்ச்காக் மறுவருஷமே இதைப் படமாக்கினார். படத்தைப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை, நாவல் படத்தைவிடக் கறுப்பான வழியில் போகிறது.

1955இல் வந்த 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி' அவருடைய உச்சம். இத்தாலியில் உல்லாசமாகத் திரியும் பணக்காரப் பையனைத் திருப்பிக் கூட்டிவர அவன் அப்பா டாம் ரிப்ளியை அனுப்புகிறார். டாம் அந்தப் பையனின் சட்டையையும் மோதிரத்தையும் பார்க்கிற பார்வையிலேயே ஏதோ சரியில்லை என்று நமக்குத் தெரிந்துவிடும். பயங்கரம் அதற்கப்புறம்தான் வரும். போலீஸ் கதவைத் தட்டும்போது, "ஐயோ, டாம் மாட்டிக்கொள்ளக் கூடாதே" என்று நம் மனசு துடிக்கிறது. ஒரு கொலைகாரனுக்காக ஏன் பதறுகிறோம் என்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்தால் கொஞ்சம் கூசும். ரிப்ளியை வைத்து ஹைஸ்மித் மொத்தம் ஐந்து நாவல்கள் எழுதினார். முதலாவது மட்டும் கட்டாயம். மற்றவை பிடித்தால் தொடரலாம்.

இப்போது உங்களுக்காகவே எழுதப்பட்டது போன்ற ஒன்று. நட்சுவோ கிரினோவின் 'அவுட்'. ஜப்பானிய மொழியில் 1997, ஆங்கிலத்தில் 2003. டோக்கியோ ஓரத்தில் உணவுப் பெட்டிகள் அடைக்கும் தொழிற்சாலை, அதில் இரவு ஷிப்ட் பார்க்கும் நான்கு பெண்கள். சேமிப்பையெல்லாம் சூதாட்டத்தில் தொலைத்துவிட்டு வந்து அடிக்கும் புருஷனை ஒருத்தி கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறாள். பிறகு வேலையிடத்துத் தோழிக்குப் போன் செய்கிறாள். அந்தத் தோழி மசாகோ, காரணம் எதுவும் பெரிதாகக் கேட்காமல், உடலை அப்புறப்படுத்த உதவுகிறாள். ஏன் உதவினாள்? நாவலின் இருட்டு முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

இரவு லைனில் நின்றவர்களுக்கு இந்த நாவல் வேறு மாதிரிப் படும். பக்கத்தில் நிற்கும் பெண்ணின் புருஷன் எவ்வளவு கடன் வைத்திருக்கிறான், மாமியார் என்ன சொன்னாள், மகன் எந்த வாரம் பள்ளிக்குப் போகவில்லை, எல்லாம் தெரியும். ஆனால் அவள் வீடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அப்படிப்பட்ட ஒரு நெருக்கம் அது. காலை வெயிலில் கண் கூச வெளியே வந்து பஸ்ஸில் உட்காரும்போது எல்லோர் முகமும் ஒரே மாதிரி வெளுத்திருக்கும். கிரினோ அந்த வெளுப்பைச் சரியாகப் பிடித்திருக்கிறார். பணம், களைப்பு, யாரும் தன்னைப் பார்ப்பதில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் ஒரு சாதாரண மனுஷியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று காட்டுகிறார். ஜப்பானின் மர்ம எழுத்தாளர் சங்க விருது இதற்குக் கிடைத்தது. குளியலறைக் காட்சிகள் கடுமையானவை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முடிவு எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை. மசாகோவை விட்டு என்னால் நகரவும் முடியவில்லை.

ஜப்பானில் இன்னும் இரண்டு பேர். கனாயே மினாட்டோவின் 'கன்ஃபெஷன்ஸ்' 2008இல் வந்தது. இடைநிலைப்பள்ளி ஆசிரியை ஒருவர் வேலையை விட்டுப்போகும் கடைசி நாளில் வகுப்பில் பேசுகிறார். தன் நான்கு வயது மகளின் சாவு விபத்து இல்லை, கொன்றவர்கள் இருவர், அவர்கள் இந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறார். குரல் ஒருமுறைகூட உயர்வதில்லை. அந்தப் பேச்சின் முடிவில் அவர் சொல்லும் ஒரு தகவலை நான் சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் வேறு வேறு ஆட்கள் அதே கதையைத் தங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறார்கள். கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' உங்களுக்கு வேண்டிய ட்விஸ்டையும் தரும். கொலை ஆரம்பத்திலேயே நம் கண்முன் நடக்கிறது. பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் அதை மறைக்கிறார். எப்படி மறைத்தார் என்பது கடைசியில் தெரியும்போது அது வெறும் வித்தையாக இல்லாமல் அந்த மனிதனின் தனிமையையே திறந்து காட்டுகிறது. அதே ஹிகாஷினோவின் 'மேலிஸ்' இதைவிட எனக்குப் பிடிக்கும். கொலையாளி சீக்கிரமே பிடிபட்டுவிடுகிறான், காரணம் மட்டும்தான் புரியவில்லை. துப்பறிவாளர் அதைத் தோண்டத் தோண்ட, பொறாமை என்ற சாதாரணச் சொல்லுக்குள் இவ்வளவு விஷம் இருக்கிறதா என்று தோன்றும்.

நம் ஊருக்கு வருவோம். 1911 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு, கோலாலம்பூர். விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் தற்காலிகத் தலைமையாசிரியரின் மனைவி எத்தல் பிரவுட்லாக், கணவர் வெளியே விருந்துக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டுக்கு வந்த வில்லியம் ஸ்டூவர்டு என்ற சுரங்க மேலாளரைச் சுட்டுக் கொன்றார். தன்னைப் பலாத்காரம் செய்ய வந்தான் என்றார். ஆனால் சுட்டது ஒரு முறை இல்லை, பல முறை. நீதிமன்றம் அவரை நம்பவில்லை, மரண தண்டனை விதித்தது. பிறகு சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு அளிக்க, அவர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பத்து வருஷம் கழித்து மலாயா வந்த ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் இந்தக் கதையைக் கேட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் 'தி லெட்டர்'. நீளமான சிறுகதை, ஒரு பஸ் பயணத்தில் முடித்துவிடலாம். கொலை நடந்து முடிந்த பிறகு, அந்தப் பெண்ணின் வக்கீல் அறையில் கதை தொடங்குகிறது. எல்லோரும் அவளை நம்புகிறார்கள். வக்கீலின் குமாஸ்தா, மிக மரியாதையாக, ஒரு கடிதம் இருப்பதாகச் சொல்கிறான். அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து அமைதியான அந்தப் பெண்ணின் முகத்தை வக்கீலோடு சேர்ந்து நாமும் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பிக்கிறோம்.

இதே வழக்கையும் மாமின் பினாங்கு வருகையையும் சேர்த்து நம் பினாங்கில் பிறந்த டான் துவான் எங் 2023இல் 'தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்' எழுதினார். மெதுவாக நகரும் நாவல், த்ரில்லர் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். 'தி லெட்டர்' படித்த கையோடு படித்தால் ருசி கூடும். டாஷ் ஆவ் எழுதிய 'வி, தி சர்வைவர்ஸ்' 2019இல் வந்தது. கொலைக் குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்து வெளியே வந்த ஒருவன், தன்னைப் பற்றி ஆய்வு செய்ய வரும் படித்த பெண்ணிடம் தன் வாழ்க்கையைச் சொல்கிறான். கிள்ளான் பக்கத்து மண், வெளிநாட்டுத் தொழிலாளிகள், வேலை கொடுப்பவனின் பதற்றம். எல்லாம் நமக்குத் தெரிந்த உலகம். கொலை செய்தது அவன்தான் என்று தொடக்கத்திலேயே தெரியும். ஆனால் அந்தக் கணத்தை அவன் நெருங்க நெருங்க நமக்குத் தொண்டை வறளும். மலாய் சரளமாக வரும் என்றால் ஃபிக்ஸி பதிப்பகத்தின் நாவல்களையும் புரட்டிப் பாருங்கள். தரம் ஏறி இறங்கும், நகரத்தின் இரவு மட்டும் அசலாக இருக்கும்.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். முதலில் ஒரு சிறுகதை, நாவல் இல்லை. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. தூக்கம் வராத ஓர் எழுத்தாளர், வீட்டில் புதிதாக வந்து சேரும் ஒரு வேலைக்காரப் பெண், நடு ராத்திரியில் மூக்கில் ஏறும் ஒரு வாசனை. வந்தவள் பேயா, சொல்கிறவரின் மனசு கோளாறா என்பதை அவர் கடைசிவரை அவிழ்ப்பதில்லை. அந்த அவிழாத முடிச்சுதான் நீங்கள் தேடும் பயம், 1940களிலேயே தமிழில் எழுதப்பட்டுவிட்டது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். இரவு இடைவேளையில் படிக்க வேண்டாம், வீட்டில் விளக்குப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

சுஜாதாவில் எல்லோரும் 'கொலையுதிர் காலம்' சொல்வார்கள். நான் 'ஆ' சொல்கிறேன். ஓர் இளைஞனுக்குத் திடீரென்று தலைக்குள் குரல்கள் கேட்க ஆரம்பிக்கின்றன. தொடராக வந்ததால் ஒவ்வொரு அத்தியாயமும் 'ஆ' என்று முடியும். அந்த உத்தியைவிட, தன் மனசையே தான் நம்ப முடியாமல் போகிறவனின் தவிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டுவிடு கருப்பா'வை நாவலாகத் தெரியாவிட்டாலும் 'விடாது கருப்பு' தொடராக உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள். ராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' கண்ணில் பட்டால் விடாதீர்கள். பாலு மகேந்திராவின் 'மூடுபனி' அதிலிருந்துதான் வந்தது. மாத நாவல்களில் வேகம் உண்டு, மனசுக்குள் இறங்க அவற்றுக்கு நேரம் இருப்பதில்லை.

த்ரில்லர் என்று யாரும் சொல்லாத ஒரு தமிழ் நாவலை நான் இந்த வரிசையில் வைப்பேன். பெருமாள்முருகனின் 'பூக்குழி'. வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு தன் ஊருக்குக் கூட்டிவருகிறான் குமரேசன். எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறான். சரோஜாவுக்கு முதல் நாளே தெரிந்துவிடுகிறது, நமக்கும் தெரிந்துவிடுகிறது. மாமியாரின் ஒப்பாரி, பாறைமேல் தனியாக நிற்கும் அந்த வீடு, வெயில், ஊர்க்காரர்கள் நடந்துபோகும்போது வீசும் சொல். மர்மம் என்று எதுவுமே இல்லை. ஆனால் கடைசி இருபது பக்கங்களை நான் நின்றுகொண்டே படித்தேன். உட்கார முடியவில்லை.

மற்றவை சுருக்கமாக. டாஃப்னி டு மோரியேயின் 'ரெபெக்கா' 1938இல் வந்தது. செத்துப்போன முதல் மனைவியின் நிழலில் நடுங்கும் இரண்டாவது மனைவி கதை சொல்கிறாள், அவள் பெயர் கடைசிவரை வராது. ஷெர்லி ஜாக்சனின் 'வி ஹேவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் தி காசில்' மெலிசான புத்தகம், ஒரே இரவில் முடியும், பல வருஷம் கூட இருக்கும். ஜான் ஃபவுல்சின் 'தி கலெக்டர்' வண்ணத்துப்பூச்சி சேர்க்கும் ஒருவன் ஒரு பெண்ணைக் கடத்தி அடைத்து வைப்பது பற்றியது. முதலில் அவன் சொல்கிறான், பிறகு அவளுடைய நாட்குறிப்பு வருகிறது. பெண் பின்னாலேயே சுற்றுவதைக் காதல் என்று காட்டும் படங்களைப் பார்த்து வளர்ந்த நம் பையன்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' எம்.ஏ. சுசீலாவின் தமிழில் இருக்கிறது. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொலை சீக்கிரமே நடந்துவிடும், விசாரணை அதிகாரி சிரித்துச் சிரித்துப் பேசும் இடங்கள் எந்த த்ரில்லருக்கும் சளைத்தவை இல்லை.

ஒரு விஷயம் கவனமாகக் கேளுங்கள். கில்லியன் ஃப்ளின்னின் முதல் நாவல் 'ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸ்' 'கான் கேர்ளை'விட இருட்டானது, என் பார்வையில் அதைவிடச் சிறந்ததும்கூட. ஆனால் அதில் வரும் பெண் தன் உடலைத் தானே வெட்டிக்கொள்பவள், அதை ஆசிரியர் மிக நெருக்கமாக எழுதியிருக்கிறார். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அந்த வலி பழக்கம் என்றால் இப்போதைக்கு அதைத் தொடவேண்டாம். இரவு வேலை தொடர்ந்து பார்க்கும்போது தூக்கம் கெட்டு மனசு தானாகவே சோர்ந்திருக்கும். நானும் அப்படி ஒரு காலத்தில் இருட்டுப் புத்தகங்களை மாதக்கணக்கில் மூடிவைத்திருக்கிறேன். புத்தகம் எங்கும் ஓடிவிடாது.

எதில் தொடங்குவது என்றால், இந்த வாரம் பஸ்ஸில் 'தி லெட்டர்'. அடுத்து சௌராஸ்தா மாடிக்குப் போய் ரெண்டலைத் தேடுங்கள், அவர் புத்தகங்கள் அங்கே அடிக்கடி கண்ணில் படும். கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் வாங்குங்கள். ரிப்ளியும் 'பூக்குழி'யும் எந்த வரிசையில் வந்தாலும் சரி. 'அவுட்'டை மட்டும் ஷிப்ட் இல்லாத இரண்டு நாள் சேர்ந்து கிடைக்கும்போது தொடங்குங்கள். அதைப் பாதியில் வைத்துவிட்டு இரவு லைனில் போய் நிற்பது ரொம்பக் கஷ்டம், தம்பி.